வன்னியில் மாரிக்கு ஒரு டயர், கோடைக்கு ஒரு டயர் தேவையா?

விசுவமடுவில் இருந்து தினமும் முல்லைத்தீவுக்குக் காரில் போய்ப் படிப்பிக்கும் ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார். கனடாவில் மொன்றியலில் இருக்கும் அவருடைய அண்ணர் வருடத்துக்கு இரண்டு தரம் காருக்கு டயர் மாற்றுகிறார். "நீயும் மாரிக்கு ஒரு செட், கோடைக்கு ஒரு செட் வைத்துக்கொள், அதுதான் பாதுகாப்பு" என்று தங்கைக்கும் சொல்லியிருக்கிறார். தங்கையிடம் இருப்பது ஜப்பானில் இருந்து வந்த வாகன் ஆர். வரும்போதே போட்டிருந்த டயரில் மலையும் பனிப்பூவும் சேர்ந்த ஓர் அடையாளம் இருக்கிறதாம். தவாளிப்பு, அதாவது டயரின் மேலுள்ள பள்ளக் கோடுகள், இன்னும் ஆழமாக இருப்பதால் அதையே மாரிக்கு வைத்துக்கொண்டு, கோடைக்கு மட்டும் புதிதாக ஒரு செட் வாங்கினால் போதுமா என்று கேட்கிறார். இரண்டு மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். குளிர்நாட்டில் டயரை மாற்ற வைப்பது மழையா, ஸ்னோவா, வேறு ஏதாவதா? அது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகத் தெளிந்துவிடும்.

மொன்றியலில் ஒரு டயர் வேலைத்தளத்தில் 11 வருடம் நின்றேன். பிறகு ஊருக்கு வந்து, கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் டயர் போடுவதும் வீல் அலைன்மென்ட் பார்ப்பதுமாக 9 வருடம். றப்பரின் இரசாயனத்தை நான் பல்கலைக்கழகத்தில் படிக்கவில்லை. வேலைத்தளத்தில் தந்த பயிற்சியும் கைப்பழக்கமும்தான் என்னிடம் இருப்பவை. உங்கள் டயரை நேரில் பார்க்கவும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் நேரான பதில். வன்னியில் இரண்டு செட் தேவையில்லை. ஒரு நல்ல செட், வருடம் முழுக்க. ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால், இப்போது உங்கள் காரில் இருப்பது அந்த ஒரு செட்டாக இருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

காரணம் றப்பரில் இருக்கிறது. மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தேங்காய் எண்ணெய்க்கு அந்த எல்லை ஏறத்தாழ 24 பாகை. டயர் றப்பர் அப்படிச் சட்டென்று உறையாது. ஆனால் அதற்கும் ஒரு வெப்பநிலைப் பழக்கம் உண்டு. சாதாரண டயரின் கலவை, சூடான வீதியில் உறுதியாக நிற்பதற்காகச் செய்யப்பட்டது. வெப்பநிலை சுமார் 7 பாகைக்குக் கீழே இறங்கும்போது அது மெல்ல மெல்ல விறைக்கத் தொடங்கும். விறைத்த றப்பர் வீதியின் சிறு மேடு பள்ளங்களுக்குள் இறங்கிப் பிடிக்காது, மேலால் வழுக்கும். குளிர்காலத்துக்கென்று செய்யும் வின்டர் டயரில் இயற்கை றப்பரும் பொலிபியூட்டாடையீன் என்ற செயற்கை றப்பரும் சிலிக்காவும் சேர்த்து, கடும் குளிரிலும் மென்மையாகவே இருக்கும்படி செய்கிறார்கள். அதோடு டயரின் மேற்பரப்பில் உள்ள ஒவ்வொரு றப்பர்க் கட்டையிலும் கத்தியால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும். ஸ்னோ அந்த வெட்டுகளுக்குள் புகுந்து நெருங்கும். ஸ்னோவை ஸ்னோ நன்றாகப் பிடிக்கும், அதுதான் தந்திரம். 7 பாகை என்பது சுவர் கட்டிப் பிரித்த எல்லை அல்ல. டயருக்கு டயர் கொஞ்சம் மாறும். ஆனால் டயர் மாற்றத்தைத் தீர்மானிப்பது முதலில் வெப்பநிலை, பிறகுதான் ஸ்னோ என்பதில் சந்தேகம் இல்லை. மழைக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

உங்கள் அண்ணர் செய்வது அங்கே முழுக்கச் சரி. அவர் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் அது சட்டமும் கூட. 2008ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் கட்டாயமாக்கினார்கள். இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் இல்லாமல் கார் ஓட முடியாது. பக்கத்து ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை, ஆனால் போட்டால் காப்புறுதியில் கழிவு உண்டு. ஜேர்மனியில் திகதி பார்ப்பதில்லை, வீதியில் ஸ்னோவோ ஐஸோ இருந்தால் வின்டர் டயர் இருந்தே ஆகவேண்டும். அங்குள்ளவர்கள் ஒக்டோபர் முதல் ஈஸ்டர் வரை என்று மனதில் வைத்துக்கொள்வார்கள். நவம்பர் மாதம் எங்கள் வேலைத்தளத்தில் விடிய 6 மணிக்கே கார்கள் வரிசையில் நிற்கும். இரண்டு செட் வாங்குவது இரட்டைச் செலவு என்று புதிதாக வந்த எங்கள் ஆட்கள் யோசிப்பார்கள். அப்படி இல்லை. ஒரு செட் ஓடும்போது மற்றது களஞ்சியத்தில் ஓய்வில் இருக்கிறது, இரண்டும் கூடுதல் காலம் வரும் என்று ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவருக்கு விளங்கப்படுத்தியிருக்கிறேன்.

இப்போது ஊருக்கு வருவோம். தையில் வாடைக்காற்று அடிக்கும் இரவில் கிளிநொச்சியில் 20, 21 பாகைக்கு இறங்கினாலே நாங்கள் போர்வை தேடுகிறோம். சித்திரை வெயிலில் பகல் 35ஐத் தொடும், தார் வீதி அதைவிட எவ்வளவோ அதிகமாகக் கொதிக்கும். 7 பாகைக் கோட்டுக்குப் பக்கத்தில்கூட வன்னி போவதில்லை. இலங்கையிலேயே நுவரெலியாப் பக்கத்தில் மட்டும் தை மாசி அதிகாலைகளில் புல்லில் உறைபனி படியும். அங்கேயும் வெயில் ஏறினால் போய்விடும். ஆகவே காலம் பார்த்து டயர் மாற்றும் பழக்கத்துக்கு எங்கள் மண்ணில் வேலை இல்லை. மாரி டயர் என்று ஒன்று கடையில் கிடைக்காததற்குக் காரணமும் இதுதான். நல்ல சாதாரண டயர் என்றாலே மழைத் தண்ணீரை வெளியே தள்ளுவதற்கான தவாளிப்புகள் அதில் இருக்கும்.

உங்கள் டயர் விஷயத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இப்படி நிறையப் பேர் வருகிறார்கள். ஜப்பானில் ஹொக்கைடோவும் வடகிழக்குப் பக்கமும் கடும் ஸ்னோ. முன்பு அங்கே ஆணி பதித்த டயர் போட்டு ஓடினார்கள். ஆணிகள் தார் வீதியை அரைத்துத் தூசு கிளப்பி, மக்கள் மூச்சுவிட முடியாமல் போக, 1990இல் சட்டம் கொண்டுவந்து அதை நிறுத்தினார்கள். அதற்குப் பதிலாக வந்ததுதான் ஆணி இல்லாமல், மிக மென்மையான றப்பரால் ஐஸைப் பிடிக்கும் டயர். அதன் பக்கச் சுவரில் ஆங்கிலத்தில் 'ஸ்டட்லெஸ்' என்று எழுதியிருக்கும். பிளிசாக், ஐஸ்கார்ட், வின்டர் மாக்ஸ் போன்ற பெயர்கள் இருந்தாலும் அதே வகைதான். மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ இருக்கும் அடையாளமும் கடும் ஸ்னோவுக்குச் சோதித்தது என்பதைக் காட்டும். 'எம் பிளஸ் எஸ்' என்று மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். சேறும் ஸ்னோவும் என்பதன் சுருக்கம் அது, வருடம் முழுக்க ஓடும் டயர்களிலும் ஜீப் டயர்களிலும் கூட இருக்கும். இன்னோர் அடையாளம்: உங்கள் காரின் அளவு 155/65 ஆர் 14 என்றால், அதற்குப் பக்கத்தில் 75 கியூ என்று இருக்கிறதா, 75 எஸ் என்று இருக்கிறதா பாருங்கள். 75 என்பது ஒரு டயர் தாங்கும் பாரம், 387 கிலோ. கியூ என்றால் உச்ச வேகம் 160, எஸ் என்றால் 180. இந்த அளவில் ஜப்பானின் ஸ்னோ டயர்கள் பொதுவாக கியூ. நீங்கள் 160இல் ஓடப்போவதில்லை, ஆனால் டயர் எந்த வகை என்று அந்த எழுத்து காட்டிக்கொடுக்கும்.

இந்த டயர் வெயிலில் என்ன செய்யும்? குளிரில் மென்மையாக இருக்கச் செய்த றப்பர், 35 பாகையில் தேவைக்கு மேல் இளகிவிடும். வெட்டுகளால் பிரிந்த சிறு கட்டைகள் பிரேக் போடும்போது நிமிர்ந்து நிற்காமல் சாயும், வளைவில் கார் கொஞ்சம் நீந்துவதுபோல இருக்கும். தேய்மானம் கூடும். கிறவல் வீதியில் கட்டைகளின் ஓரம் துண்டு துண்டாகப் பிய்யும். மழையிலும் இதே கதைதான். எங்கள் மாரி மழை பெய்யும்போது 25 பாகை. அது வின்டர் டயருக்கு நல்ல கோடை நாள். ஈர வீதியிலும் சாதாரண டயரைவிடப் பின்தங்கித்தான் நிற்கும். 'ஸ்னோவில் பிடிப்பது மழையில் இன்னும் நன்றாகப் பிடிக்கும்' என்ற நம்பிக்கை மிகவும் பரவலானது, மிகவும் பிழையானது. உங்கள் திட்டத்தில் நான் மறுக்கும் இடம் இதுதான்.

நானும் இதை அனுபவித்தவன். ஊருக்கு வந்த முதல் வருடம் வாங்கிய கார் இப்படியான டயரோடுதான் வந்தது. தவாளிப்பு 7 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தது, எறிய மனம் வரவில்லை, தேயும் வரைக்கும் ஓடட்டும் என்று விட்டேன். வைகாசி மாதம் ஒரு மத்தியானம், மாங்குளம் தாண்டி முறிகண்டிப் பக்கம் வரும்போது ஒரு கன்று வீதிக்கு ஏறியது. பிரேக்கை முழுக்க அமுக்கினேன். நிற்கும் என்று என் கால் நினைத்த இடத்தில் கார் நிற்கவில்லை. இன்னும் இரண்டு கார் நீளம் போய்த்தான் நின்றது. கன்று தானாக விலகிப் போனதால் தப்பியது. அன்று பின்னேரமே நான்கையும் கழற்றினேன். நடுவில் ஒரு குழந்தை நின்றிருந்தால் என்ற நினைப்பு இன்றைக்கும் எனக்கு இருக்கிறது.

இதில் எது உறுதி, எது என் அனுமானம் என்று பிரித்துச் சொல்கிறேன். வெயிலில் வின்டர் டயர் வேகமாகத் தேயும், நிறுத்தும் தூரம் கூடும், இரண்டும் உறுதி. எத்தனை மீற்றர் கூடும் என்பது காரின் பாரம், வேகம், டயரின் வயது எல்லாவற்றோடும் மாறும். என் இரண்டு கார் நீளத்தை உங்களுக்கான கணக்காக எடுக்காதீர்கள். வயதான வின்டர் டயர் வெயிலில் கிடந்து இறுகிவிடுவதால் பிறகு சாதாரண டயர் போல ஆகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். இறுகுவது உண்மை. ஆனால் வெட்டுகள் அப்படியே இருக்கின்றன, இறுகிய பழைய றப்பர் ஈரத்தில் பிடிக்காது. அது நல்லதாக மாறுவதை என் கடையில் நான் பார்த்ததில்லை.

ஆகவே இப்போது புரட்டாசி, ஐப்பசி மழை தொடங்க முன்னர் நான்கையும் மாற்றுங்கள். உங்கள் அளவு சின்ன டயர், சந்தையில் விலை குறைந்த அளவுகளில் ஒன்று. காசு பொறுக்காவிட்டால் இரண்டை மட்டும் மாற்றலாமா என்று கேட்பீர்கள். முன்னுக்கு ஒரு வகை, பின்னுக்கு வேறு வகை என்று கலப்பதை நான் விரும்புவதில்லை. ஒரு மாதம் பொறுத்தாவது நான்கையும் சேர்த்துப் போடுங்கள், அதுவரை வேகத்தைக் குறையுங்கள். இனி வரும் காலத்தில் ஒரே வகை டயரில் இரண்டை மட்டும் புதுப்பிக்க நேர்ந்தால், புதியவை பின் சில்லுக்குப் போகவேண்டும். எங்கள் பக்கத்தில் எல்லோரும் முன்னுக்குத்தான் போடச் சொல்கிறார்கள், இழுப்பது முன் சில்லு என்பதால். ஈரத்தில் முன் சில்லு வழுக்கினால் கார் நேராகப் போகும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் சில்லு வழுக்கினால் கார் சுழலும். அதைத் திருப்பிப் பிடிக்கப் பெரும்பாலான ஓட்டுநர்களால் முடியாது.

டயரை மாற்றும் காலம் எங்களுக்கு இல்லை என்றாலும், டயரைப் பார்க்கும் காலம் ஒன்று உண்டு. அது இந்தப் புரட்டாசி. புதிய டயரில் தவாளிப்பு 7, 8 மில்லிமீற்றர் இருக்கும். தவாளிப்புக்குள் குறுக்கே சிறு மேடுகள் உண்டு, 1.6 மில்லிமீற்றர் உயரம். டயர் அந்த மேட்டோடு சமனாகத் தேய்ந்தால் அதன் ஆயுள் முடிந்தது. மாரிக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம், 3க்குக் கீழே போனாலே மாற்றுங்கள் என்பது என் சொந்த அளவுகோல். நீங்கள் ஆசிரியை, அடிமட்டம் கையில் இருக்கும். ஒரு தீக்குச்சியை நடுத் தவாளிப்புக்குள் நிமிர்த்தி வைத்து, டயரின் மேல்மட்டத்தில் நகத்தால் அடையாளமிட்டு அளவுங்கள். உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூன்றிலும் பாருங்கள். ஒரு பக்க ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட், அதாவது சில்லுகள் நிற்கும் நேர், பிழை. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று கூடியது.

ஆழம் ஏன் முக்கியம் என்றால், தேங்கிய தண்ணீரில் டயர் தண்ணீரைத் தவாளிப்பு வழியாக வெளியேற்ற வேண்டும். முடியாமல் போனால் கார் தண்ணீரின் மேல் மிதக்கும். ஸ்டியரிங்கும் பிரேக்கும் அந்த நேரம் எதையும் கேட்காது. விமான டயர்களுக்காகக் கண்டுபிடித்த ஒரு பழைய கணக்கு உண்டு. காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு மிதக்கும் வேகம் கூடும் என்பது அது. அதன்படி மொட்டை டயரில் 32 பிஎஸ்ஐ காற்று இருந்தால் மணிக்கு 94 கிலோமீற்றர் அளவில் மிதக்கத் தொடங்கும். 20 பிஎஸ்ஐ மட்டும் இருந்தால் 74இலேயே. கார் டயருக்கு இது துல்லியமாகப் பொருந்தும் என்று சொல்லமாட்டேன், தண்ணீரின் ஆழமும் டயரின் அகலமும் சேரும். ஆனால் காற்றுக் குறைந்த மொட்டை டயர் எவ்வளவு சீக்கிரம் கைவிடும் என்பதை அது காட்டுகிறது. பரந்தன் முல்லைத்தீவு வீதியில் தார் பள்ளமான இடங்களை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். அதே வீதியில் உள்ள வட்டுவாகல் பாலத்தின் மேலால் தண்ணீர் பாயும்போது மட்டும் எந்த டயரையும் நம்பி இறங்காதீர்கள். சின்னக் காரைப் பாயும் தண்ணீர் பக்கவாட்டில் தள்ளிவிடும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்தபோது ஒரே இரவில் வெள்ளம் வீதிகளில் எப்படி ஏறியது என்பதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

காற்று விஷயத்தில் கோடைதான் எங்களுக்குப் பரீட்சை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உங்கள் காருக்குரிய அளவு இருக்கும். ஜப்பான் கார் என்றால் கிலோபஸ்கலில் எழுதியிருக்கும், 100 கிலோபஸ்கல் என்பது 14.5 பிஎஸ்ஐ. 240 என்றிருந்தால் 35 பிஎஸ்ஐ என்று கடையில் சொல்லுங்கள். காலையில் கார் எடுக்க முன்னர், டயர் ஆறியிருக்கும்போது பார்க்கவேண்டும். மத்தியானம் ஓடிவந்து நிறுத்தியதும் பார்த்தால் நான்கைந்து பிஎஸ்ஐ கூடிக் காட்டும். "காற்று கூடிப்போச்சு, வெயிலுக்கு வெடிக்கும்" என்று உடனே திறந்துவிடுவார்கள். அதைச் செய்ய விடாதீர்கள். வெயிலில் டயர் வெடிப்பது பெரும்பாலும் காற்றுக் குறைவால். குறைந்த காற்றில் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடேறி உள்ளே உரிந்து, பாரமும் வேகமும் சேரும்போது ஒரு நாள் விட்டுவிடும். அண்ணருக்குக் குளிரில் இதன் எதிர்ப்பக்கம். 5, 6 பாகை இறங்க ஒரு பிஎஸ்ஐ குறையும், அதனால் அவர்கள் குளிர்காலத்தில் காற்று அடித்தபடியே இருப்பார்கள்.

வயதையும் பாருங்கள். பக்கச் சுவரில் 'டொட்' என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கம்தான் பிறந்த திகதி. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை. எங்கள் பக்கத்தில் பலர் குறைந்த தூரமே ஓடுவதால் டயர் தேய முன்னரே வயதுபோய்விடுகிறது. வாகன இறக்குமதி நின்றிருந்த 2020க்குப் பிந்திய வருடங்களில் ஒரே டயரைப் பொத்திப் பொத்தி ஓடியவர்கள் பலர், அந்த டயர்கள் இன்னும் வீதியில் இருக்கின்றன. 6 வருடம் தாண்டினால் ஒவ்வொரு வருடமும் கழற்றிப் பாருங்கள். பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் தவாளிப்பு எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள். 10 வருடத்துக்கு மேல் எந்த டயரும் வேண்டாம். வாங்கும்போதும் இந்த இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், கடைக்காரர் முகம் சுழித்தால் வேறு கடைக்குப் போங்கள்.

டயரால் தீராத சிலவும் உண்டு. நீண்ட கோடைக்குப் பிறகு வரும் முதல் மழையின் அரை மணி நேரம், தூசும் எண்ணெயும் தண்ணீரோடு குழைந்து வீதி வழுக்கும். விதைப்புக் காலத்தில் உழவு இயந்திரங்கள் வயல் சேற்றைச் சில்லோடு தாருக்குக் கொண்டுவரும். மாசி பங்குனியில் வீதியில் நெல் காயும். உருளும் நெல்லின் மேல் பிரேக் போட்டால் புதிய டயரும் சறுக்கும், அங்கே மெதுவாக, பிரேக் இல்லாமல் போகவேண்டும். மாரி இரவில் மாடுகள் காய்ந்த தாரைத் தேடி நடுவீதியில் படுத்துவிடும்.

புதிய டயர் போடும்போது நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் மட்டும் இறுக்கி விடவேண்டாம் என்று சொல்லுங்கள். கடைசி இறுக்கம் கையால், உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு. 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பிறகு ஒருமுறை திரும்ப இறுக்கிப் பாருங்கள். விசுவமடுவில் இருந்து முல்லைத்தீவுக்கு ஓரிரு நாள் போய்வந்தாலே அந்தத் தூரம் வந்துவிடும். கழற்ற முன்னர், இப்போது இருக்கும் டயரின் அந்தக் கடைசி நான்கு இலக்கத்தையும் 75க்குப் பக்கத்தில் உள்ள எழுத்தையும் இங்கே எழுதுங்கள், அது ஸ்டட்லெஸ்தானா என்று பார்த்துச் சொல்கிறேன்.